கரை சேர்ந்த பிறகு: கடல் விபத்தில் உயிர் தப்பியவர்களின் மனம்

1956 ஜூலை 25ஆம் தேதி இரவு. அட்லாண்டிக் கடலில் பனிமூட்டம். ஆந்திரியா தோரியா என்ற இத்தாலியப் பயணிகள் கப்பல் மீது ஸ்டாக்ஹோம் என்ற இன்னொரு கப்பல் மோதியது. நியூயார்க்கிலிருந்து பிரான்சுக்குப் போய்க்கொண்டிருந்த இல் த பிரான்ஸ் என்ற கப்பல், செய்தி கிடைத்ததும் திரும்பி வந்து 750 பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டது. அந்தக் கப்பலில் தற்செயலாக இரண்டு மனநல மருத்துவர்கள் பயணிகளாக இருந்தார்கள். பால் ஃபிரீட்மன், லூயிஸ் லின் என்பவை அவர்கள் பெயர்கள். அன்று பார்த்ததை மறு ஆண்டே ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள்.

சாவின் வாசலிலிருந்து மீண்டு வந்தவர்கள் என்றால் அழுகையும் கூச்சலுமாக இருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? அப்படி இல்லை. தூக்க மருந்து கொடுத்தது போல அமைதியாக இருந்தார்கள். உட்காரச் சொன்னால் உட்கார்ந்தார்கள், நகரச் சொன்னால் நகர்ந்தார்கள். நேரம் போகப் போக வேறொன்று நடந்தது. பேச ஆரம்பித்தார்கள். நடந்த கதையை, அதே விவரங்களோடு, கிடைத்த ஆளிடமெல்லாம் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

இந்த இரண்டையும், அதாவது அந்த மௌனத்தையும் அப்புறம் வந்த ஓயாத பேச்சையும், புரிந்துகொண்டால் இந்த விஷயத்தில் பாதி புரிந்துவிடும்.

முதலில் ஒரு சொல் பிரச்சினை. தமிழில் ஸ்ட்ரெஸ், டிப்ரஷன் இரண்டையுமே 'மன அழுத்தம்' என்று சொல்லிவிடுகிறோம். இங்கே நான் சொல்வது முதலாவதை. ஆபத்து வரும்போது உடம்பும் மனமும் முறுக்கேறி நிற்கும் நிலை அது. அது நோய் அல்ல. ஆபத்து போன பிறகும் முறுக்கு இறங்க மறுத்தால்தான் சிக்கல்.

ஆபத்து என்று தெரிந்ததும் மூளைக்குள் அமிக்டலா என்ற சின்னப் பகுதி அபாய மணியை அடிக்கிறது. அட்ரினலின் பாய்கிறது, இதயம் அடித்துக்கொள்கிறது, மூச்சு வாங்குகிறது. எதிர்த்து நில், அல்லது ஓடு என்று உடம்பு தயாராகிறது. இரண்டும் முடியாதபோது மூன்றாவதாக ஒன்று உண்டு: உறைந்து போவது. கப்பலில் ஓடுவதற்கு இடம் ஏது?

1994 செப்டம்பர் 28 அதிகாலையில் பால்டிக் கடலில் எஸ்டோனியா என்ற கப்பல் மூழ்கியது. 852 பேர் இறந்தார்கள், 137 பேர் தப்பினார்கள். கப்பல் சாய்ந்துகொண்டிருக்கும்போது சிலர் கம்பியைப் பிடித்தபடி அசையாமல் நின்றதாகவும், கத்திக் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை என்றும் தப்பியவர்கள் விசாரணையில் சொன்னார்கள். ஜேம்ஸ் டைஹர்ஸ்ட் என்ற மருத்துவர் 1951லேயே பல பேரழிவுகளைப் பார்த்துவிட்டு இதைச் சொல்லியிருந்தார். அவர் கணக்குப்படி நிதானமாக யோசித்துச் செயல்படுபவர்கள் சிறு பகுதிதான். கட்டுப்பாட்டை முழுதாக இழப்பவர்களும் சிறு பகுதிதான். முக்கால்வாசிப் பேர் திகைத்துப் போய், என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பார்கள்.

இதை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். உறைந்து போவது யாரும் யோசித்து எடுக்கிற முடிவு அல்ல. கோழைத்தனமும் அல்ல. தும்மலைப் போல உடம்பு தானாகச் செய்வது.

ஃபிரிட்ஜ் நின்ற இரவு

ஒரு சரக்குக் கப்பலில் வேலை பார்த்த மாலுமி ஒருவரை எடுத்துக்கொள்வோம். இவர் என் கற்பனைதான். ஆனால் இவருக்கு நடப்பது போன்றவைதான் தப்பியவர்கள் பலருக்கும் நடக்கின்றன. கப்பல் மூழ்கி, ஒரு இரவு முழுக்கத் தண்ணீரில் கிடந்து, காலையில் மீட்கப்பட்டு வீடு வந்து மூன்று வாரம் ஆகிறது. உடம்பில் காயம் எதுவும் இல்லை. பார்க்க வந்தவர்களெல்லாம் "மறுபிறவி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஷவரைத் திறக்கிறார். தண்ணீர் முகத்தில் விழுந்த நொடியில் மூச்சு நின்றுவிடுகிறது. சோப்பு நுரையோடு வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ராத்திரி இரண்டு மணிக்குத் திடுக்கிட்டு எழுகிறார். என்ன சத்தம் என்றால், சத்தம் இல்லை. ஓடிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜ் மோட்டார் நின்றிருக்கிறது, அவ்வளவுதான். கப்பலில் இருப்பவர்களுக்கு இயந்திரத்தின் ஓசை காதில் விழாது, அது எப்போதும் இருப்பது. அது நின்றால்தான் காதில் விழும். நின்றால் ஏதோ கோளாறு என்று பொருள். கப்பல் மூழ்கிய இரவில் முதலில் நின்றது அந்த ஓசைதான்.

எங்கே போனாலும் கதவுக்குப் பக்கத்தில் உட்காருகிறார். படுக்கும்போது செருப்பைக் கட்டிலோரம் எடுத்து வைத்துக்கொள்கிறார். டிவியில் கடல் வந்தால் எழுந்து போய்விடுகிறார். பிள்ளைகள் விளையாட்டில் வீறிட்டால் எரிந்து விழுகிறார், அப்புறம் அதற்காக வருந்துகிறார். கேட்டால் "ஒன்றுமில்லை" என்கிறார். மனைவிக்கு அந்த 'ஒன்றுமில்லை'தான் அதிகம் பயமாக இருக்கிறது.

மருத்துவர்கள் இவற்றை நான்காகப் பிரிப்பார்கள். நடந்தது மறுபடி மறுபடி உள்ளே புகுந்து வருவது, கனவாகவோ கண் முன் காட்சியாகவோ. அதை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது. மனம் மரத்துப் போவதும், தன்னையும் உலகத்தையும் பற்றிய எண்ணம் கறுத்துப் போவதும். உடம்பு எந்நேரமும் உஷாராகவே இருப்பது. நம் மாலுமியிடம் நான்கும் இருக்கின்றன. ஆனாலும் மூன்றாவது வாரத்தில் இவருக்கு நோய்ப் பெயர் சூட்ட எந்த நல்ல மருத்துவரும் அவசரப்பட மாட்டார். முதல் சில வாரங்களில் இப்படி இருப்பது பெரும்பாலோருக்கு இயல்பு, பலருக்குத் தானாகவே தணிந்துவிடும். ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்து, வேலையையும் வீட்டையும் பாதித்தால்தான் அதற்கு பி.டி.எஸ்.டி. என்று பெயர். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்பார்கள். 1980இல்தான் இந்தப் பெயர் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் இடம்பெற்றது. அதற்கு முன் இதே அவதி எத்தனையோ பெயர்களில் இருந்தது, 'நரம்புத் தளர்ச்சி' உட்பட.

ஏன் இப்படி ஆகிறது? ஆய்வாளர்கள் பலரும் சொல்லும் விளக்கம் இது. சாதாரண நினைவில் எங்கே, எப்போது என்ற விவரம் ஒட்டியிருக்கும். அதனால் அது 'நடந்து முடிந்தது' என்று மனதுக்குத் தெரியும். உயிர் போகிற நேரத்தில் பதியும் நினைவில் டீசல் வாடை, குளிர், யாரோ கூப்பிட்ட குரல் எல்லாம் ஆழமாகப் பதிகின்றன. முன்பின் வரிசையும் நேரமும் சரியாகப் பதிவதில்லை. தேதி முத்திரை விழாத கடிதம் போல. எப்போது பிரித்தாலும் இன்றைக்கு வந்தது போலவே இருக்கும். ஆந்திரியா தோரியாவில் தப்பியவர்கள் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னதும், சிதறிக் கிடந்ததற்கு ஒரு வரிசை கொடுக்கும் முயற்சி என்றே எனக்குப் படுகிறது.

கடல் மட்டும் ஏன் வேறு

சாலை விபத்து நொடியில் முடிந்துவிடுகிறது. கடல் விபத்தில் பெரும்பாலும் காத்திருப்பு உண்டு. சாய்ந்த தளத்தில் காத்திருப்பு, தண்ணீரில் காத்திருப்பு, மிதவையில் காத்திருப்பு. அடுத்தது என்ன ஆகும் என்பது எதுவும் தன் கையில் இல்லை. இருட்டில் மற்றவர்கள் கூப்பிடும் குரல் கேட்கும், கொஞ்சம் கொஞ்சமாக அது குறையும். தப்பியவர்கள் பலரும் கண்ணால் கண்டதைவிட அந்தச் சத்தம் குறைந்ததைத்தான் அதிகம் சொல்கிறார்கள்.

நீண்ட நாள் தண்ணீரில் கிடந்தால் மனமே வேறு உலகத்துக்குப் போய்விடும். 1945 ஜூலை 30 அன்று இண்டியானாபொலிஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் டார்பிடோ தாக்கி மூழ்கியபோது, ஏறத்தாழ 900 பேர் தண்ணீரில் விழுந்தார்கள். ஏறக்குறைய நான்கு நாள் கழித்து மீட்கப்பட்டுப் பிழைத்தவர்கள் 316 பேர். தாகமும் தூக்கமின்மையும் சேர்ந்து இல்லாத தீவைக் காட்டின. மூழ்கிய கப்பல் காலுக்குக் கீழேயே இருக்கிறது, அதில் குடிநீர் இருக்கிறது என்று சொல்லி முக்குளித்துப் போனவர்களும் உண்டு. ஒருவர் கண்டதை அடுத்தவரும் கண்டார். உடம்பு வறண்டு, தூக்கம் கெட்டால் யாருக்கும் இது நடக்கலாம். பைத்தியம் பிடித்துவிட்டது என்று பொருள் இல்லை.

அப்புறம், மாலுமிக்குக் கப்பல் வேலையிடம் மட்டும் அல்ல, மாதக்கணக்கில் அதுதான் வீடு. வீடும் வேலையும் உடைமையும் கூட்டாளிகளும் ஒரே இரவில் போகிறார்கள். தப்பிய சக மாலுமிகள் ஆளுக்கொரு நாட்டுக்குப் போய்விடுவார்கள், "உனக்கும் அந்தச் சத்தம் கேட்டதா?" என்று கேட்க ஆள் இருக்காது. போய் நின்று பூ வைக்க ஓர் இடமும் இல்லை. எஸ்டோனியாவில் இறந்த 852 பேரில் நூறு பேரின் உடல்கள்கூட மீட்கப்படவில்லை. பக்கத்தில் இருந்தவர் இறந்தார் என்று தெரியும், ஆனால் உடலைப் பார்க்கவில்லை. இந்த நிலையில் துக்கத்துக்கு முடிவே கிடைப்பதில்லை.

நான் மட்டும் ஏன்

தப்பியவர்களை அதிகம் அரிப்பது பயம் என்றுதான் வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். குற்ற உணர்ச்சிதான் அதைவிடப் பிடிவாதமானது என்பது என் எண்ணம். 1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் ஜீபுருகே துறைமுகத்தை விட்டு ஹெரால்டு ஆஃப் ஃபிரீ எண்டர்பிரைஸ் என்ற கப்பல், வாகனங்கள் ஏறி இறங்கும் முன்கதவை மூடாமலே கிளம்பி, சில நிமிடங்களில் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தார்கள். தப்பியவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த உளவியலாளர்கள் குற்ற உணர்ச்சியை மூன்றாகப் பிரித்துக் கேட்டார்கள்: மற்றவர்கள் இறக்க நான் உயிரோடு இருக்கிறேனே என்பது, செய்யத் தவறியது, உயிர் பிழைப்பதற்காகத் தான் செய்த காரியம்.

மூன்றாவது எவ்வளவு கனமானது என்பதற்கு அதே கப்பலில் நடந்த ஒன்று போதும். கயிற்று ஏணி ஒன்றின் நடுவில் ஓர் இளைஞர் குளிராலோ பயத்தாலோ உறைந்து நின்றுவிட்டார். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கீழே உறையும் தண்ணீரில் பலர் காத்திருந்தார்கள். பத்து நிமிடம் போல அவரைக் கெஞ்சிப் பார்த்தார்கள். கடைசியில், அவரைத் தள்ளிவிடச் சொன்னார் ஒருவர். தள்ளினார்கள். அவரை அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை. மற்றவர்கள் ஏறித் தப்பினார்கள். யார் மீதும் வழக்குப் போடப்படவில்லை. சட்டம் விட்டுவிட்டது. ஆனால் அந்த ஏணியில் ஏறியவர்களின் மனம் அவ்வளவு சுலபமாக விட்டிருக்குமா?

'செய்யத் தவறியது' பெரும்பாலும் பின்னோக்கிப் பார்ப்பதால் வருவது. இன்று தெரிந்ததை அன்றே தெரிந்திருக்க வேண்டும் என்று மனம் அடம்பிடிக்கிறது. வடகடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய்க் கிணற்று மேடை 1988 ஜூலை 6 அன்று வெடித்தபோது, சொல்லிக்கொடுத்த விதிப்படி தங்குமிடத்தில் கூடிக் காத்திருந்தவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள். விதியை மீறிக் கடலில் குதித்தவர்கள் பலர் தப்பினார்கள். எது சரியான முடிவு என்பது அந்தப் புகைக்குள் நின்றவருக்கு எப்படித் தெரியும்? "அந்த நேரத்தில் உனக்கு என்ன தெரிந்திருந்தது?" என்று நிதானமாகக் கேட்டு, அன்றைய தகவலை மட்டும் வைத்து அன்றைய முடிவை எடைபோட வைப்பதுதான் சிகிச்சையில் முக்கியமான ஒரு வேலை.

இதோடு வெளியிலிருந்து வரும் பழியும் சேர்ந்தால் இன்னும் மோசம். இண்டியானாபொலிஸின் கேப்டன் சார்லஸ் மெக்வே இராணுவ நீதிமன்றத்தில் குற்றவாளி ஆக்கப்பட்டார். இறந்தவர்களின் குடும்பத்தார் சிலர் ஆண்டுக்கணக்கில் அவருக்கு வசைக் கடிதம் எழுதினார்கள். 1968இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தப்பிய மாலுமிகள் விடாமல் போராடியதன் பலனாக 2000ஆம் ஆண்டில்தான் அமெரிக்கக் காங்கிரஸ் அவர் மீதான பழியை நீக்கித் தீர்மானம் போட்டது.

எத்தனை பேருக்கு, எவ்வளவு காலம்

எல்லோருக்கும் வருவதில்லை. வந்தவர்களுக்கும் ஒரே மாதிரி போவதில்லை. 1988 அக்டோபரில் கிரேக்கத்தின் பைரேயஸ் துறைமுகத்துக்கு வெளியே ஜூப்பிட்டர் என்ற கப்பல் மூழ்கியது. அதில் பள்ளிச் சுற்றுலா வந்த பிரிட்டன் மாணவர்கள் ஏறத்தாழ 400 பேர் இருந்தார்கள். 5 முதல் 8 ஆண்டுகள் கழித்து 217 பேரை விசாரித்ததில், பாதிக்குச் சற்று மேலானவர்களுக்கு ஏதோ ஒரு கட்டத்தில் பி.டி.எஸ்.டி. வந்திருந்தது. வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அது ஐந்தாண்டுக்கு மேல் நீடித்தது. பிள்ளைகள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை இங்கே செல்லுபடியாகவில்லை. பைப்பர் ஆல்ஃபாவில் தப்பியவர்களில் ஆய்வுக்கு வந்தவர்களைப் பத்தாண்டு கழித்துப் பார்த்தபோதும் ஐந்தில் ஒருவருக்கு நோய் இருந்தது. காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்பது பலருக்கு உண்மை, எல்லோருக்கும் அல்ல.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஹெரால்டு விபத்து நடந்து மூன்று ஆண்டு ஆன பிறகு, வாழ்க்கையைப் பார்க்கும் விதம் மாறியதா என்று தப்பியவர்களைக் கேட்டார்கள். மோசமாக மாறியது என்றவர்கள் 46 சதவீதம். நல்ல விதமாக மாறியது என்றவர்கள் 43 சதவீதம். இதை வைத்துக்கொண்டு தப்பியவரிடம் போய் "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்லிவிடாதீர்கள். அது அவராகக் கண்டு சொல்ல வேண்டியது.

சமாளிப்பது

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942 நவம்பரில் கப்பல் தாக்கப்பட்டு, பூன் லிம் என்ற சீன மாலுமி ஒற்றை ஆளாக மிதவையில் 133 நாள் அட்லாண்டிக்கில் கிடந்தார். கயிற்றில் முடிச்சுப் போட்டு நாளைக் கணக்கு வைத்தார். மழைநீர் பிடித்தார், ஆணியை வளைத்துத் தூண்டில் செய்தார், கடல் அமைதியாக இருந்தபோது உடம்பு மரத்துப் போகாமலிருக்க மிதவையைச் சுற்றி நீந்தினார். கடலை மாற்ற அவரால் முடியாது. முடிச்சுப் போட முடியும். உளவியலில் இதைத்தான் இரண்டு வகைச் சமாளிப்பு என்பார்கள்: மாற்ற முடிந்ததில் கை வைப்பது, மாற்ற முடியாததால் வரும் உணர்ச்சியைத் தாங்கிக்கொள்ள வழி தேடுவது.

கரையிலும் கணக்கு அதுதான். கடலில் இவர்கள் இழந்தது, தன் கையில் ஏதோ இருக்கிறது என்ற உணர்வை. எந்த உதவியாக இருந்தாலும் அது அந்த உணர்வைத் திருப்பிக் கொடுக்கிறதா, மறுபடி பறிக்கிறதா என்று பார்த்தால் போதும், நல்லதும் கெட்டதும் பிரிந்துவிடும்.

உதாரணத்துக்கு, விபத்து நடந்த சில நாளிலேயே எல்லோரையும் உட்காரவைத்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லவைக்கும் முறை ஒன்று 1980களிலும் 90களிலும் பரவலாக இருந்தது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் ஒரே அமர்வில் இப்படிச் சொல்லவைப்பது பி.டி.எஸ்.டி.யைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கூடுதல் பாதிப்பையே தரலாம் என்று பின்னால் தெரியவந்தது. இல் த பிரான்ஸ் கப்பலில் அவர்களாகப் பேசினார்கள், இங்கே பேசவைத்தார்கள். வித்தியாசம் அங்கேதான். உலக சுகாதார நிறுவனம் உட்பட மூன்று அமைப்புகள் 2011இல் வெளியிட்ட 'உளவியல் முதலுதவி' கையேடு மூன்றே வேலை சொல்கிறது: பார், கேள், இணை. அவருக்கு இப்போது என்ன தேவை என்று பார்ப்பது. அவர் சொல்ல விரும்பினால் கேட்பது. குடும்பத்தோடும் உதவி கிடைக்கும் இடத்தோடும் இணைப்பது. நனைந்த துணியை மாற்றக் கொடுப்பதும், வீட்டுக்குப் போன் போட்டுத் தருவதும் இதில் சேர்த்தி.

தூக்கம் வரவில்லை என்றதும் பென்சோடயசெபின் வகைத் தூக்க மாத்திரையைக் கொடுப்பதும் வழக்கத்தில் இருக்கிறது. முதல் மாதத்தில் பேரதிர்ச்சி அறிகுறிகளுக்கு அது வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டுதல். மதுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அன்றைய இரவைக் கடத்திவிடும், அடுத்த இரவைக் கடினமாக்கும்.

குடும்பத்தால் செய்ய முடிந்தது நிறைய. ஒரே கதையைப் பத்தாவது முறை சொன்னாலும் "இதைத்தான் சொல்லிவிட்டாயே" என்று வெட்டாமல் கேட்கலாம். சொல்லாவிட்டால் தோண்டாமல் இருக்கலாம். சாப்பாடு, தூக்கம், காலை நடை எல்லாம் நேரத்துக்கு நடக்கும்படி வீட்டை வைத்துக்கொள்ளலாம். விபத்து நடந்த தேதி ஆண்டுதோறும் வரும்போது அவர் காரணமில்லாமல் கடுகடுப்பார். காரணம் நாள்காட்டியில் இருக்கும்.

ஒரு மாதம் கடந்தும் குறையவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். சாக வேண்டும் போலிருக்கிறது என்று ஒரு முறை சொன்னாலும் அதற்குக் காத்திருக்காமல் அன்றே போக வேண்டும். பேரதிர்ச்சியை மையமாக வைத்த அறிவுசார் நடத்தைச் சிகிச்சையும், கண் அசைவைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். சிகிச்சையும் பலன் தருபவை என்று நிரூபணம் ஆனவை. இரண்டிலும் அந்த நினைவைப் பாதுகாப்பான இடத்தில், பக்குவமாக, மறுபடி பிரித்துப் பார்க்கிறார்கள். தேதி முத்திரை குத்துகிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடலுக்குத் திரும்புவது? "பயம் போக மறுநாளே கடலில் இறங்கு" என்ற அறிவுரை எனக்கு ஒப்புதல் இல்லை. "இனிக் கடல் பக்கமே போகாதே" என்பதும் சரியில்லை. தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரத்தான் செய்யும். படிப்படியாகப் போகலாம், எந்தப் படியில் எத்தனை நாள் என்பதை அவரே முடிவு செய்யலாம். நம் மாலுமி முதலில் துறைமுகச் சுவர் வரை போய்த் திரும்புகிறார். இன்னொரு நாள், கட்டிப்போட்ட கப்பலில் ஏறி ஐந்து நிமிடம் நிற்கிறார். ஷவரில் தண்ணீரைத் தோளில் விட்டுக்கொள்கிறார், முகத்துக்கு இன்னும் இல்லை. ஃபிரிட்ஜ் நின்றால் இப்போதும் விழிப்பு வருகிறது. எழுந்து சமையலறைக்குப் போய், அதன் கதவில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஃபிரிட்ஜ்தான்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வந்து படுக்கிறார்.